வராதவர்களுக்குப் பதிலாக ஒருவர்

ஆள்மாறாட்டம் செய்ய வருகிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில், செத்துப்போன அண்ணனாக வந்த தம்பிகளையும் மாமியாராக முக்காடு போட்டு வந்த மருமகள்களையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தாங்கள்தான் அந்த ஆள் என்று சாதிப்பார்கள். நேராக என் மேசைக்கு வந்து, அலுவலகம் முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தவர் ஒரே ஒருவர்தான்.

"ஏனுங்க ஆபீசர், பத்திரத்துல ரேகை வெக்க வேண்டிய அம்மா வர்லீங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு கெடக்குதுங்க. அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கறனுங்க."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. எதிரே நின்றவர் எழுபதை நெருங்கிய, உயரமான, முதுகு வளையாத அம்மாள். கிரீடத்துக்குக் கீழே அடக்கியது போல நரைமுடியை இழுத்து முடிந்திருந்தார்.

"நீங்க யாருங்க?"

"நாடகத்துல இருந்தவளுங்க."

"அந்தம்மாவுக்கு நீங்க ரேகை வெச்சா அது குற்றமுங்க."

"என்ற ரேகையத்தானுங்க வெப்பேன். இன்னாருக்குப் பதிலா இன்னார்னு பக்கத்துல எழுதிப்போடுங்க. ஒளிச்சாத்தானுங்களே குத்தம்?"

பத்திர எழுத்தர்கள் சிரித்தார்கள். நான் விதியைச் சொன்னேன். நடமாட முடியாதவர் மனுப் போட்டால் பதிவு அலுவலரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யலாம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடி ஒண்ணு இருக்குதுங்களா? அதை வெளிய ஒரு பலகைல எழுதி மாட்டியிருந்தா நான் ஏனுங்க காலைல இருந்து கால் கடுக்க நிக்கறேன்?"

அடுத்த வாரம் பலகை மாட்டப்பட்டது. என் பணிக்காலத்தில் மேலிடத்து உத்தரவு இல்லாமல் நடந்த ஒரே சீர்திருத்தம் அதுதான். இடுப்பு முறிந்த அம்மாளின் வீட்டுக்கும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதப்படிக்கத் தெரியாத அவருக்குப் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, அதன் பிறகே ரேகை வாங்கினேன். அதில் எனக்குப் பெயர் உண்டு. படித்துக் காட்டாமல் இந்த ஆள் முத்திரை குத்த மாட்டான் என்பார்கள். நாடகக்கார அம்மா அன்று வாசல்படியில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு நான் பீளமேட்டில் கட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை லைன் வீடுகள் இருந்தன. எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே குழாய். கடைசி வீட்டில் அந்த நாடகக்கார அம்மா இருந்தார் என்பது குடிபோன அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் குரல் இருக்கும்போது ரேடியோ போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்த வரிசையில் பெண்கள் எல்லோரும் மில்லுக்குப் போகிறவர்கள். ஷிப்டு மாறினால் ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஆள் இருக்காது. அங்கெல்லாம் இவர் போய் நிற்பார். போன இடத்தில் முதல் காரியமாக அறிவிப்பார். ஒருமுறை என் பேரப்பிள்ளை வயதுப் பெண் ஒருத்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள், "புள்ளையோட அம்மா வர்லீங்க, பகல் ஷிப்டு. அவங்களுக்குப் பதிலா நானுங்க. அவங்க இருந்தா எப்பிடித் திட்டுவாங்களோ அதே அளவுக்குத் திட்டிப்போட்டுப் போயிர்றேன்" என்றாராம். திட்டவும் செய்தாராம். அந்தத் தாயின் குரல், அந்தத் தாயின் கையாட்டல். பிள்ளை அழுகையை மறந்து வாயைப் பிளந்து பார்த்தது என்று டீச்சரே என்னிடம் சொன்னார்.

இன்னொரு முறை அதே பள்ளியின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் வரவில்லை. தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் மேடையேறி, வராத தலைவருக்குப் பதிலாகத் தான் பேசப்போவதாக அறிவித்து, ஒரு மகாராஜா தன் குடிகளிடம் பேசுவது போல ஐந்து நிமிடம் பேசினார். வந்திருந்தால் அந்தத் தலைவர் ஒன்றேகால் மணி நேரம் பேசியிருப்பார். பேசி முடித்ததும் தலைவருக்கென்று வாங்கிவைத்த மாலையைப் போட வந்தார்கள். கழுத்தை நீட்டவில்லை. "இது அவருக்கு வந்த மாலைங்க. வர்றப்பக் குடுங்க" என்று தட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பதிலுக்கு ஆடுகிறவள் வராதவளின் மாலையைத் தொடக் கூடாது என்பது அவர் இருந்த நாடகக் கம்பெனியின் சட்டம். அங்கே இன்னொரு சட்டமும் இருந்தது. நோட்டீசில் போட்ட ஆள் அன்று ஆடவில்லை என்றால், திரை தூக்குவதற்கு முன்னால் முதலாளியே வெளியே வந்து, இன்னார் வரவில்லை, இன்ன காரணம், அவருக்குப் பதிலாக இன்னார் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தூக்கினால் சோடா பாட்டில் பறந்து வரும்.

அவரே அப்படித்தான் மேடைக்கு வந்தவர். கோபிசெட்டிபாளையத்தில் கம்பெனி கொட்டகை போட்டிருந்தபோது ராஜா வேஷக்காரருக்கு அம்மை கண்டுவிட்டது. கம்பெனியில் சமையல் செய்துகொண்டிருந்த பெண்ணின் மகள் இவர். அடுப்படியில் உட்கார்ந்தே எல்லோருடைய வசனமும் மனப்பாடம். முதலாளி திரைக்கு முன்னால் வந்து, ராஜாவுக்கு அம்மை, சமையல்காரம்மா மகள் ஆடுவாள் என்று சொன்னதும் கொட்டகையே சிரித்தது.

"என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா நின்னனுங்க தம்பி. சிரிச்சு முடிக்கற வரைக்கும் ராசா காத்துக்கிட்டுத்தானுங்களே இருக்கோணும்?"

அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவர் ராஜாவாகவே இருந்தார். சோமனூரில் ஆடும்போது தறிக்காரர்களுக்காக வாயை அகலத் திறந்து பேசுவாராம். தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர்கள், உதட்டைப் பார்த்தே வசனம் கேட்கிறவர்கள். சினிமா வந்து கொட்டகைகளைத் தின்ற பிறகு, கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கதாநாயகிக்குப் பதிலாகக் குதிரை மேல் போகக் கூப்பிட்டார்கள். போனார். குதிரையும் ஓட்டினார். இறங்கியதும், தான்தான் ஓட்டியது என்பதைப் படத்தில் எப்போது அறிவிப்பீர்கள் என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். மறுநாள் போகவில்லை. சினிமாவுக்கும் அவருக்குமான உறவு ஒரு குதிரைச் சவாரியோடு முடிந்தது.

அவர் என்ன சாதி என்று லைன் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு பொல்லாத வாய் ஒருமுறை கேட்டேவிட்டது. "எந்த நாடகத்துலீங்க?" என்றார்.

இந்த அறிவிப்புப் பழக்கத்தை நான் வெகுநாள் ஒரு வேடிக்கையான பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகன் கல்யாணத்தின்போதுதான் அது என்ன என்று தெரிந்தது.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய சகோதரி நிற்க, கூறைப் புடவையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடிக்க வேண்டும். சகோதரி இல்லாமல் அடுத்த சீருக்குப் போக முடியாது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். கோபியில் கட்டிக்கொடுத்திருந்தேன். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம் என்று முறை இருக்கிறது. பங்காளிகள் வீட்டில் நான்கு பெண்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்குப் பிள்ளைக்குப் பரீட்சை, ஒருத்திக்கு ஊரில் கோயில் நோம்பி. நான்காவது பெண்ணுக்குக் காரணம் சொல்லக்கூடத் தோன்றவில்லை, போனை வைத்துவிட்டாள். என் மனைவி இருந்திருந்தால் பேசிச் சரிக்கட்டியிருப்பாள். அவள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசி வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க ரிஜிஸ்தர் தம்பி, காலங்காத்தால?"

"பையன் கல்யாணத்துல இணைச்சீருக்கு ஒரு ஆள் வேணுங்கம்மா."

"கோபியில உங்க புள்ள இருக்குதுங்களே."

"அவளால வர முடியாதுங்க."

"முடியாதுங்களா, மாட்டேங்குதுங்களா?"

உங்கள் விருப்பத்தோடுதான் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று ஆயிரக்கணக்கானவர்களை அதே தொனியில் நான் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லும் பக்கத்தில் இருப்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் தெரிந்தது.

"மாட்டேங்கறாளுங்க."

"செரி, நான் நிக்கறனுங்க." யோசிக்கவே இல்லை. "மாப்பிள்ளைக்கு எழுவது வயசுல ஒரு அக்கா. அதுக்கென்னுங்க, இருவது வயசுக்காரனுக்கு அப்பனா நின்னப்ப எனக்குப் பதினாறுதான்."

"தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்கலாமுங்க."

முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "அதென்னுங்க சொல்லிக்கறது? அறிவிப்பு வேணுமுங்க. இன்னார் வர்லீங்க, இன்ன காரணம், அவங்களுக்குப் பதிலா நான். அதையும் மொதலாளிதான் சொல்லோணும். ஆடறவளே சொல்லிக்கிட்டா அது பீத்தலுங்க."

"சபையிலயா?"

"பொறகு சந்துலயாங்க?"

ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். தவிர்க்க இயலாத காரணங்களால் மணமகனின் சகோதரி கலந்துகொள்ள இயலாத நிலையில், என்று ஆரம்பித்திருந்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்துக்கு எழுதிய கை. கையில் வாங்கிப் படித்தார்.

"காய்ச்சல்னா காய்ச்சல்னு போடோணும். சண்டைன்னா சண்டைன்னு போடோணும். இது என்ன நோவுங்க, தவிர்க்க இயலாத காரணம்?"

அதன் பிறகுதான் சொன்னேன். பெண்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்த புதிதில், எங்கள் அலுவலகத்தில் அதிகம் பதிவானவை பாகப்பிரிவினைகள் அல்ல. பங்கு எனக்கு வேண்டாம் என்று பெண்கள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள். வண்டி கட்டிக் கூட்டிவருவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், ஒரு புடவை எடுத்துக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். பங்காளி வீட்டு நான்கு பெண்களும் என் மேசை முன்னால் அப்படிக் கையெழுத்திட்டவர்கள். என் மகளும் தன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் கையெழுத்திட்டாள், வேறொரு அலுவலகத்தில். சொந்தப் பத்திரத்தை நானே பதிவு செய்யக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. ஜவுளி வாங்கப் போகிற வழியில் அந்த அலுவலக வாசலில் காரை நிறுத்தி உள்ளே கூட்டிப்போய், இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் காட்டினேன். போட்டாள். என்ன என்று அவள் கேட்கவில்லை. நான் படித்துக் காட்டவில்லை. சில வருடம் கழித்து வில்லங்கச் சான்றிதழ் ஒன்றில் தன் பெயரைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த அம்மாள் கையிலிருந்த தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இடுப்பு முறிஞ்ச அம்மாவுக்கு வரிவரியாப் படிச்சுக் காட்டுனீங்க. நான் வாசல்ல நின்னு கேட்டனுங்க."

"ஆமாங்க."

"அந்த வரியத்தானுங்க அறிவிப்புல போடோணும்."

நான் முடியாது என்று எழுந்தேன். இத்தனை உறவுக்காரர்கள் முன்னால் என் மானத்தை நானே ஏலம் போடுவதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, தன்னுடைய கதையில் ஒரு துண்டைச் சொன்னார்.

கம்பெனி ஈரோட்டில் இருந்த சமயம். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து அன்றே இறந்துபோனது. அவர் அங்கே படுத்திருந்த நாளில் நாடகம் நடந்தது. புது முதலாளி. வேறொரு பெண்ணுக்கு ராஜா வேஷம் கட்டி, அறிவிப்பு இல்லாமலே திரையைத் தூக்கிவிட்டார். சபைக்கு வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் பார்க்க வந்தவர்கள், நேற்று பிரமாதமாக ஆடினீர்கள் என்று அவரிடமே சொன்னார்கள்.

"நான் அங்க இல்லீங்கறது ஒரு ஆளுக்குக்கூடத் தெரீலீங்க தம்பி. என்ற புள்ள போனது எப்பிடித் தெரியும்? இன்னார் வர்லீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஏன்னு ஒருத்தராச்சும் கேட்டிருப்பாங்க." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். "உங்க புள்ள வர்லீங்கறதை மறைச்சுப்போட்டு என்னைய நிக்க வெச்சா, அது இருந்த எடமே தூந்து போயிருமுங்க. அந்த வேலைக்கு நான் வர மாட்டனுங்க."

எழுதியிருந்த தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். மூன்று வாக்கியம். எழுதினால் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். லைன் வீட்டுச் சந்தின் இந்தக் கோடியில் என்னை நிறுத்திவிட்டு, எட்டு வீடு தள்ளிக் குழாயடியில் போய் நின்றுகொண்டார். குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடங்களோடு ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

சொன்னேன்.

"கேக்கலீங்க."

மறுபடி சொன்னேன்.

"கடுதாசியப் பாக்காதீங்க. எங்களைப் பாருங்க."

மூன்றாவது முறை சொன்னபோது குடத்தோடு நின்ற ஒரு பெண் சொன்னாள்: "மத்ததெல்லாம் கேக்குதுங்க சார். படிச்சுக் காட்டாமங்கற எடம் மட்டும் முழுங்கிப்போடறீங்க."

ஐந்தாவது முறை சொல்லி முடித்தேன். குழாயை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மாள் மெதுவாக நடந்து வந்து, "இப்பத்தானுங்க வந்துச்சு" என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இவ்வளவு பேரிடம் சொல்லியாயிற்று, கேட்க வேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை. துணைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "அங்க எனக்கு வேசமில்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பஸ் ஏறிக் கோபிக்குப் போனேன். மகள் களத்தில் காயப்போட்டிருந்த கொப்பரையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"அதுக்கு ஏனுங்கப்பா இத்தனை சத்தம்?" என்றாள்.

"ஒத்திகை பார்த்தது அப்படி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொப்பரையை இன்னும் இரண்டு வரிசை திருப்பினாள். "இதையே மண்டபத்துல சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன் கண்ணு."

"சொல்லுங்க, பாக்கலாம்." வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

கல்யாணத்தன்று நாடகக்கார அம்மா மாம்பழ மஞ்சள் பட்டில் வந்திருந்தார். சீர் நடத்தும் பெரியவரிடம் இரண்டு நாள் முன்பே போய், எங்கே நிற்பது, எந்தக் கையால் பிடிப்பது, எப்போது நகர்வது என்று முழுவதும் பாடம் கேட்டு வந்துவிட்டார். என் மகனுக்குப் பக்கத்தில் அவர் நின்றபோது, எழுபது வயது என்று யாரும் நினைவுபடுத்தினால்தான் உண்டு. முன்வரிசையில் முணுமுணுப்பு தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் பார்க்கும் பார்வை.

எழுந்து சொன்னேன். "இணைச்சீருக்கு நிற்க வேண்டிய என் மகள் வரவில்லை. நான் படித்துக் காட்டாமல் அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன், அதனால் வரவில்லை. அவளுக்குப் பதிலாக இந்த அம்மா நிற்கிறார்."

பங்காளிகள் வேட்டிக் கரையை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய பெண்களில் ஒருத்தி, இடுப்பு வலிக்காரி, எப்படியோ வந்திருந்தவள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போது மண்டபத்தின் கடைசியில், பந்திக்குப் போகும் கதவுப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. என் மகள் வந்துகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு எழுந்துகொள்ளலாம் என்றோ, கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றோ கதவோரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

கூறைப் புடவையின் முனை அதற்குள் அந்த அம்மாள் கையில் இருந்தது. எதற்காக எல்லாப் பாடமும் கேட்டாரோ, அந்த இடம். என் மகள் படியேறியதும், யாரும் சொல்லாமல் ஒரு அடி பின்னால் வைத்து, சபையைப் பார்த்துச் சொன்னார்: "உரியவங்க வந்துட்டாங்க. நான் எறங்கறனுங்க." முனையை அவள் கையில் கொடுத்தார். ஆனால் முழுக்க இறங்கவில்லை. என் மகளுக்குச் சீர் முறை ஒன்றும் தெரியாது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோனது. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சோத்தாங்கை அம்மணி... இப்பத் திரும்பு... அவசரப்படாத கண்ணு" என்று கடைசி வரை எடுத்துக்கொடுத்தார். அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

கல்யாணம் முடிந்த மறுமாதம், மகள் பெயருக்கு அவள் பங்கை எழுதிக்கொடுத்தேன். பதிவான விடுதலையை ரத்து செய்வது சிக்கல். புதிதாக ஒரு தானசெட்டில்மென்ட் எழுதுவதுதான் சுத்தமான வழி. மகனும் உடன் வந்தான். மகள் எதிரே உட்கார, முழுப் பத்திரத்தையும் நானே வாய்விட்டுப் படித்தேன். நில அளவை எண்கள் வந்தபோது அவள் கொட்டாவி விட்டாள். நிறுத்தாமல் படித்தேன். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று மருமகன். இன்னொன்றுக்கு அந்த அம்மாளைக் கூப்பிட்டிருந்தேன்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல ஆருக்குப் பதிலாப் போடறனுங்க?"

"யாருக்கும் பதிலா இல்லீங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டதை நீங்க பாத்தீங்க. அதுக்கு நீங்கதான் போடோணும்."

"வேற ஆரும் போட முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

தாளில் விரலை ஓட்டிப் படித்தார். "அப்பன் பேரு கேக்குதுங்க. எனக்குத் தெரியாதுங்க. அம்மா பேரு தெரியும்."

சார்பதிவாளர் நாற்காலியில் இருந்த இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாட்சிக்குத் தகப்பன் பெயர்தான் போட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, வழக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். இத்தனை வருடம் விதிகளை மனப்பாடம் செய்ததற்கு ஒரு பிரயோசனம் உண்டென்றால், அது அந்த ஒரு நிமிடம்தான்.

அம்மா பெயரை எழுதினார். பிறகு தன் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, மேடையில் நடப்பது போல நிதானமாக எழுதினார். அந்தப் பெயரை நான் இங்கே போடவில்லை. பதிவான பத்திரம் யாரும் பார்க்கக்கூடியது. வேண்டுமென்பவர்கள் முறைப்படி மனுப் போட்டு நகல் வாங்கிக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில், இரண்டாவது சாட்சி.